சனிக்கிழமைகளில் என்ன விளையாடுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

பெரம்பூரில் வசிக்கிறேன், அம்பத்தூரில் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் மூலம் காசிமேட்டைச் சேர்ந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம். பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடினால் போதும் என்றார்கள். எனக்கு அதுதான் கடினமாக இருக்கிறது.

முதலில் பெரிய வணிக வளாகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். நகரும் படிக்கட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பிறகு ஆங்கிலச் சொல் விளையாட்டு அட்டைகள் வாங்கிப் போனேன். "சரிங்க மிஸ்" என்று சொன்னதையெல்லாம் செய்தாள், ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. தவிர, அவளுடைய நான்கு வயதுத் தம்பியும் எப்போதும் கூடவே வருகிறான். அம்மா மீன் விற்கப் போய்விடுவதால் அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

நீங்கள் ராயபுரத்தில் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அதிகச் செலவில்லாமல் நாங்கள் சேர்ந்து என்னென்ன செய்யலாம் என்று சொல்ல முடியுமா? அதனால் அவளுக்கு ஏதாவது பயனும் இருந்தால் நல்லது.

ம.,
பெரம்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பயனைக் கொஞ்ச காலத்துக்கு மறந்துவிடுங்கள். விளையாட்டுக்குள் பாடத்தை ஒளித்து வைத்திருப்பதைப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். "சரிங்க மிஸ்" என்று அவள் சொன்னது அதனால்தான். வகுப்பில் எப்படி நடந்துகொள்வாளோ அப்படி உங்களிடமும் நடந்துகொண்டிருக்கிறாள்.

நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் இந்தப் பணிக்கு அமெரிக்காவில் நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது. 1904இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்ட்டர், வழக்கில் சிக்கி வரும் சிறுவர்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் துணையிருக்க முன்வர வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து ஓர் இயக்கமே வளர்ந்தது. அந்த இயக்கத்தில் பெரியவரும் பிள்ளையுமாகச் சேர்ந்த 82 இணைகளைக் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 1995இல் வெளிவந்தது. பிள்ளையின் படிப்பையும் நடத்தையையும் திருத்தியே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவர்களின் உறவு பெரும்பாலும் பாதியில் முறிந்திருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்ததைக் கேட்டு, அதைச் சேர்ந்து செய்தவர்களின் உறவு நீடித்திருக்கிறது. படிப்பைப் பற்றிய பேச்சுக்கூட இவர்களிடம்தான் பிறகு எடுபட்டிருக்கிறது. ஆகவே விளையாடுவதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

வணிக வளாகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே எல்லாம் தெரிந்தவர் நீங்கள், ஒன்றும் தெரியாதவள் அவள். படிக்கட்டு பயம் ஒரு புறமிருக்க, நாலு பேர் பார்க்கத் தடுமாறி நிற்பது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம்! அவள் கை ஓங்கியிருக்கும் இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். வட சென்னையில் அதற்கா பஞ்சம்?

முதலில் கேரம். நம் பக்கத்துத் தெருமுனைகளில் கேரம் பலகையைச் சுற்றி ஆண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. ஆனால் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டும் தந்தையிடம் ஆட்டம் பழகி, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. செரியன் நகர் காசிமேட்டுக்கு எவ்வளவு தூரம் என்று உங்கள் தோழிக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு முன்பே இரண்டு முறை உலக வாகை சூடி, 1996இல் அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் நம் சென்னைக்காரர். இதையெல்லாம் முதல் நாளே எடுத்துச் சொல்லி அவளை மிரட்டாதீர்கள். என்றைக்காவது அவள் கஷ்டமான காய் ஒன்றைப் போட்ட பிறகு சொல்லுங்கள்.

கேரமில் எனக்குப் பிடித்த விஷயம், ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பது. "ஸ்கூல் எப்படி இருக்கிறது?" என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பலகையில் பவுடரைத் தூவி, ஸ்ட்ரைக்கரை இரண்டு விரலால் கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தி, மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பை எப்படி எடுப்பது என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே, டீச்சர் எதற்காகத் திட்டினார் என்று அவளாகவே சொல்வாள். நீங்கள் அப்போது நிமிர்ந்து பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த காயைப் பாருங்கள்.

வேண்டுமென்றே தோற்கவும் கூடாது. சிவப்பைப் போட்டுவிட்டு, அது செல்லுபடியாக அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயை நீங்கள் கோட்டைவிடுவது நிஜமா நடிப்பா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நன்றாக ஆடுங்கள். நீங்கள் புதியவர் என்றால் அவளே உங்களைத் தோற்கடிப்பாள், எப்படிப் பிடிப்பது, எங்கே அடிப்பது என்று சொல்லியும் தருவாள். அந்த வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

தம்பியைப் பற்றி. அவனை இடைஞ்சலாக எண்ண வேண்டாம். அவனை விட்டுவிட்டு வரச் சொன்னால் அவளும் வர மாட்டாள். நான்கு வயதுக்காரனுக்குப் பொறுப்பு கொடுத்தால் போதும். பவுடர் டப்பா அவன் கையில் இருக்கட்டும். தரையில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் போட்டால், மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் கல்லும் புளியங்கொட்டையும் பொறுக்கி வருவது அவன் வேலை. நடுவில் ஓர் ஆட்டை அவன் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அந்த இரண்டு மணி நேரத்தில் தம்பியைக் கொஞ்ச நேரம் நீங்கள் தூக்கி வைத்துக்கொண்டால், அதுவே அவளுக்குப் பெரிய விளையாட்டு நேரம். வாரம் முழுக்க அவன் அவள் இடுப்பில்தான் இருக்கிறான்.

அடுத்தது மீன். ஒரு நோட்டுப் புத்தகமும் கலர் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு மீன். அவள் படம் வரைந்து, பெயர் எழுதி, அன்றைய விலை, வீட்டில் அதைக் குழம்பு வைப்பார்களா வறுப்பார்களா என்றெல்லாம் குறிக்கட்டும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா வரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். காரப்பொடி, கிழங்கான், சென்னாக்குன்னி என்று அவள் இறங்கும்போது நீங்கள் மாணவியாகிவிடுவீர்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று அவள் சொல்வதை ஒரு நாள் நேரில் பாருங்கள். என் அம்மாவிடம் ஏமாற்றி விற்ற மீன்களெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அந்த நோட்டில் மீன்களும் மாறும், விலையும் மாறும். ஏன் என்று நீங்கள் விளக்கப் போக வேண்டாம், அவள் உங்களுக்கு விளக்குவாள். ஒன்று மட்டும்: மீன் அவளுக்குச் சலித்துப்போயிருக்கவும் கூடும். அம்மா நாள் முழுக்க வெயிலில் உட்காரும் இடத்தை வேடிக்கை பார்க்கக் கூட்டிவரச் சொல்கிறோமோ என்றும் யோசிக்க வேண்டும். அவளிடம் கேளுங்கள். முகம் சுளித்தால் நோட்டில் மீனுக்குப் பதில் பூனைகளை வரையலாம். காசிமேட்டில் பூனைக்குக் குறைவில்லை.

காத்தாடி செய்வது நல்ல பொழுதுபோக்கு. பழைய செய்தித்தாள், துடைப்பத்திலிருந்து உருவிய இரண்டு ஈர்க்குச்சி, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. கடையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. குறுக்குக் குச்சியை வில்லாக வளைத்து ஒட்டும்போது ஒருவர் பிடிக்க, ஒருவர் ஒட்ட வேண்டும். தனியாகச் செய்ய முடியாத வேலை என்பதால் உங்களுக்குப் பொருத்தம். வால் ஒட்டும் பொறுப்பு தம்பிக்கு. ஆனால் சாதாரணத் தையல் நூல்தான். மாஞ்சா நூலைத் தொடவே கூடாது. அதற்குத் தடை இருக்கிறது, அதில் கழுத்தறுபட்டு இறந்தவர்கள் இந்த நகரத்தில் உண்டு. மின்கம்பி இல்லாத மணல் வெளியில் விடுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் வேண்டாம். கடற்கரைக்குப் போனாலும், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகளில் தம்பியை ஏறவிடாதீர்கள், பாசி பிடித்து வழுக்கும்.

வெளியே போக ஆசைப்பட்டால் ரயில் இருக்கிறது. ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856இல் கிளம்பியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். தூண்கள் நிறைந்த அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. வரலாறு தேவையில்லை, அதன் தூண்களை எண்ணச் சொன்னால் தம்பிக்கு அரை மணி நேரம் போகும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோவில் ஒரு முறை போய்த் திரும்பலாம். சுரங்கத்தில் ஓடும் ரயில் நடுவழியில் மேலேறி வெளிச்சத்துக்கு வரும் அந்த நொடிக்காகவே டிக்கெட் எடுக்கலாம். நிலையத்தில் சாதாரணப் படிகள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நகரும் படிக்கட்டை அவளாகக் கேட்கும்வரை பேச்செடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பழைய இன்ஜின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன.

ஒரு நாள் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடப் போங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் பண்டம், வாழைத்தண்டு சூப்பும் கூடவே தருவார்கள். காரம் குறைவாகப் போடச் சொல்லுங்கள், உங்களுக்காக.

சில கறாரான விஷயங்களும் உண்டு. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது ஒவ்வொரு முறையும் அவள் அம்மாவுக்கும் நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள இடங்களில் மட்டும் இருங்கள். அவள் படத்தையோ அந்த நோட்டின் பக்கத்தையோ சமூக ஊடகத்தில் போடாதீர்கள், எத்தனை அழகாக இருந்தாலும். அவள் பேச்சில் ஏதாவது உங்களைக் கலவரப்படுத்தினால், நீங்களே துப்பறியக் கிளம்பாமல் நிறுவனத்திடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

வர முடியாத சனிக்கிழமையில் முதல் நாளே அவள் அம்மாவின் எண்ணுக்கு அழைத்து, அவளிடமே பேசிச் சொல்லுங்கள். 2002இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, ஓராண்டுக்கு மேல் நீடித்த இணைகளில்தான் பிள்ளைகளுக்கு நல்ல பலன் இருந்தது, சில மாதங்களிலேயே அறுந்துபோனவற்றில் பிள்ளைகள் முன்பைவிட மனம் சோர்ந்தார்கள் என்று கண்டது. ஓராண்டு உங்களால் முடியாது என்று தோன்றினால் இப்போதே நிறுவனத்திடம் பேசிவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரம் பலகையை அவளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் அதை வைக்க இடமிருக்கிறதா என்பதே தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அவள் அம்மாவுக்கும் சங்கடம். நிறுவனத்தில் பலகை ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள், மற்றப் பிள்ளைகளும் ஆடலாம். அவர்கள் அனுமதித்தால் ஒரு ஸ்ட்ரைக்கர் மட்டும் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், கடைக்கு அவளையே அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
அக்கா