பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை இப்போதே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் ஈரோட்டில் சிறிய அளவில் திருமண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்று இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸரும் ஜி.டி.எக்ஸ் 1060 6 ஜி.பி. கார்டும் கொண்டது, அதில்தான் வீடியோ எடிட்டிங் நடக்கிறது. மற்றொன்று ஏழாம் தலைமுறை ஐ7, ஜி.டி.எக்ஸ் 1050 டிஐ 4 ஜி.பி. கார்டுடன் ஆல்பம் வேலைக்குப் பயன்படுகிறது. சென்ற ஆண்டு கடனில் புதிய கேமரா வாங்கி, எச்.265 என்ற சுருக்க வடிவத்தில் 10 பிட் நிற நுணுக்கத்துடன் 4:2:2 அமைப்பில் 4கே படம் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து, எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது. இதனால் அன்றே எடிட் செய்து மாலை வரவேற்பில் காட்டும் வேலைகள் மூன்றை இந்த சீசனில் மறுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் 7,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இரண்டு கணினிகளுக்கும் ஆர்.டி.எக்ஸ் 5060 போடச் சொல்கிறார் கடைக்காரர்: இரண்டும் சேர்த்து 68,000 ரூபாய், கிரெடிட் கார்டில் 12 மாத 'வட்டியில்லா' தவணை. ஆர்.டி.எக்ஸ் 5050 என்றால் ஒன்று 27,000 என்றார். நண்பர் ஒருவர், பழைய ஆர்.டி.எக்ஸ் 3060 போதும் என்கிறார். கேமராக் கடனுக்கு மாதம் 5,200 வீதம் இன்னும் ஏழு தவணைகள் பாக்கி. எல்லாச் செலவும் போக முகூர்த்த மாதங்களில் சுமார் 9,000 மிஞ்சும். வங்கியில் 60,000 சேமிப்பு உள்ளது. வீட்டுச் செலவு மாதம் 28,000. நான் என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு கார்டுகளையும் தவணையில் வாங்க வேண்டாம். நண்பர் சொல்லும் பழைய 3060 கார்டையும் இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். முதலில் செலவே இல்லாத இரண்டு வழிகளை முயன்று பாருங்கள். அவை போதவில்லை என்று உறுதியான பிறகு, எடிட்டிங் கணினிக்கு மட்டும் ஒரு கார்டை ரொக்கமாக வாங்குங்கள்.

உங்கள் சிக்கல் கார்டு பழையது என்பதால் மட்டும் வந்ததன்று. 4:2:2 என்ற அமைப்பில் கேமரா, கிடைவரிசையில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று வீதம் நிறத் தகவலைச் சேமிக்கிறது. 4:2:0 அமைப்பில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவலே இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குள், சுருக்கிச் சேமித்த வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே தனிப் பகுதி ஒன்று உண்டு. 2016இல் வெளிவந்த உங்கள் இரண்டு கார்டுகளிலும் அந்தப் பகுதி எச்.265 10 பிட் 4:2:0 வரை எளிதாகக் கையாளும். 4:2:2 வந்தால் கைவிட்டுவிடும். அப்போது முழுச் சுமையும் ப்ராசஸர் மீது விழுகிறது, படம் திக்குகிறது. உங்கள் கார்டுகளின் நிறுவனமான என்விடியாவின் கார்டுகளில் 4:2:2 படத்தை விரிக்கும் திறன் 2025இல் வந்த 50 வரிசையில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2021இல் வந்த 3060 கார்டிலோ அதற்கு அடுத்த 40 வரிசையிலோ அது கிடையாது. நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், 12 ஜி.பி. நினைவகம் உள்ள அந்தக் கார்டு வேறு பல வேலைகளுக்குச் சிறந்ததும்கூட. ஆனால் அதை வாங்கி மாட்டிய பிறகும் உங்கள் டைம்லைன் இப்போது போலவே திக்கும் என்பதால் அந்தப் பணம் வீணாகும்.

நான் சொல்வதை நம்பி விட்டுவிடாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் கார்டு) வரைபடங்களைப் பார்த்தபடியே அந்த 4கே காட்சியை எடிட்டிங் மென்பொருளில் ஓடவிடுங்கள். ப்ராசஸர் 100 சதவீதத்தை ஒட்டி ஓட, 'வீடியோ டீகோட்' வரைபடம் அசையாமல் கிடந்தால் மேலே சொன்னதுதான் காரணம். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் உங்களுக்குத் தேவை வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம்; கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால் மட்டுமே கூடுதல் ஜி.பி. உள்ள கார்டு பயன்படும். பத்து நிமிடச் சோதனைதான். ஆயினும் இதைச் செய்யாமலேயே ஐம்பதாயிரம், அறுபதாயிரம் செலவிடுபவர்கள் ஏராளம். வாடிக்கையாளரின் கணினியில் எது முட்டுக்கட்டை என்பதைக் கடையில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

செலவில்லாத முதல் வழி ப்ராக்ஸி. காட்சிகளைக் கணினியில் ஏற்றும்போதே அவற்றுக்குச் சிறிய அளவிலான நகல்களை உருவாக்கி, எடிட்டிங் முழுவதையும் நகலில் செய்து, இறுதி வெளியீட்டை மட்டும் மூலப் படத்திலிருந்து எடுக்கும் முறை இது. பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலுமே இந்த வசதி உள்ளடங்கியே வருகிறது. நகல் உருவாக நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரவில் ஓடவிட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். கணினி வேலை செய்யும் நேரம் வேறு, நீங்கள் அதன் முன் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம் வேறு. இரவு ஐந்து மணி நேரம் ஓடும் எக்ஸ்போர்ட்டைப் புதிய கார்டு இரண்டு மணி நேரமாகக் குறைத்தாலும் காலையில் உங்கள் கைக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் வந்து சேராது. வழக்கமான திருமண வேலைகளுக்கு ப்ராக்ஸியே போதும் என்பது என் கருத்து.

அன்றே எடிட் செய்து தரும் வேலைக்கு ப்ராக்ஸி பொருந்தாது. அங்கே நகல் எடுக்க அவகாசமில்லை. அதற்கு இரண்டாவது வழி இருக்கிறது. அந்த நிகழ்ச்சிகளை மட்டும் கேமராவில் 4:2:0 அமைப்புக்கு மாற்றிப் படம் பிடியுங்கள். எச்.265 10 பிட் 4:2:0 உங்கள் கேமராவில் இருந்தால் மிக நல்லது, இருக்கும் 1060 கார்டே அதை விரித்துத் தரும்; இல்லையென்றால் லாக் அமைப்பை (பின்னர் நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதிவு செய்யும் முறை) தவிர்த்து 8 பிட் 4:2:0இல் எடுங்கள். பச்சைத் திரை வைத்துப் பின்னணியை மாற்றும்போதும் நிறங்களைக் கடுமையாகத் திருத்தும்போதும் 4:2:2இன் அருமை தெரியும். மண்டபத்து எல்.இ.டி. திரையில் ஐந்து நிமிடம் ஓடும் படத்தில் உறவினர்கள் எவரும் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரு முகூர்த்தத்தில் இப்படி முயன்று பாருங்கள். தெரிந்தவர் வீட்டு விசேஷமாக இருந்தால் முதல் முயற்சிக்கு நல்லது.

இனி கடைக்காரர் சொன்ன தவணையைப் பார்ப்போம். கிரெடிட் கார்டு 'வட்டியில்லாத் தவணை'யில் வட்டி இல்லாமல் போவதில்லை. வங்கி வட்டி வாங்குகிறது, அந்தத் தொகையைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார்கள். ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் மாதம் 5,667 வீதம் கட்டும் 68,000 ரூபாயில் சுமார் 5,550 ரூபாய் வட்டி. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 1,000 ரூபாயும், வங்கியின் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்பதே. அந்த விலைக்கும் 68,000க்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கடனின் உண்மையான விலை.

அந்தச் சில ஆயிரங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது உங்கள் வருமானத்தின் ஏற்ற இறக்கம். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இருக்காது, புரட்டாசியிலும் பலர் தவிர்த்துவிடுவார்கள். கேமராக் கடன் 5,200, கார்டுத் தவணை 5,667 என மாதம் 10,867 ரூபாயை அந்த மாதங்களிலும் நீங்கள் கட்டியே ஆக வேண்டும். கட்ட முடியாமல் கிரெடிட் கார்டு பாக்கியை உருட்டத் தொடங்கினால், பல வங்கிகள் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகின்றன. உங்கள் 60,000 சேமிப்பு வீட்டுச் செலவுக்கு இரண்டு மாதங்களைத்தான் தாங்கும். அது மழைக்காலத்துக்கும் மருத்துவமனைக்கும் உரிய பணம். கார்டு வாங்க அதில் கை வைக்காதீர்கள். நகையை அடகு வைக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு குறைகிற பொருளுக்காக, மதிப்புக் குறையாத பொருளைப் பணயம் வைப்பது சரியன்று.

4:2:0 முயற்சிக்குப் பிறகும் வேகம் போதவில்லை, அல்லது உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்கும் நிறத் தரத்துக்கு 4:2:2 அவசியம் என்று தெரிந்தால், அப்போது கார்டு வாங்குவது நியாயமான முதலீடாகிவிடும். அதற்கு ஆர்.டி.எக்ஸ் 5050 போதும். 4:2:2 படத்தை விரிக்கும் பகுதி அதிலும் 5060இலும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தது; இரண்டிலும் நினைவகம் 8 ஜி.பி.தான். 5060 வேகமான கார்டு என்பதில் ஐயமில்லை, ஆனால் எட்டாம் தலைமுறை ஐ5 உடன் சேரும்போது அந்தக் கூடுதல் வேகத்தில் ஒரு பகுதி பயன்படாமலேயே கிடக்கும். அதற்காக 7,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும் எச்.265 4:2:2 படத்தை விரிக்கும். ஆனால் அவற்றுக்குப் பத்தாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸர் வேண்டும் என்று இன்டெல்லே கூறுவதால் உங்கள் கணினிக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்டின் விலையோடு செலவு முடிந்துவிடாது. 5050 கார்டு 130 வாட் வரை மின்சாரம் எடுக்கும். உங்கள் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) எத்தனை வாட், எத்தனை ஆண்டு பழையது, எட்டு முனை இணைப்பு அதில் உள்ளதா என்று பாருங்கள். பெயர் தெரியாத நிறுவனத்தின் பழைய எஸ்.எம்.பி.எஸ். என்றால் நம்பகமான 550 வாட் ஒன்றுக்கு ஐந்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருளும் புதிய பதிப்பாக இருந்தால்தான் இந்தக் கார்டின் 4:2:2 வசதியைப் பயன்படுத்தும். இதையெல்லாம் உறுதிசெய்ய ஒரே வழி, உங்கள் கேமராவில் எடுத்த காட்சி ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், அந்தக் கார்டு மாட்டிய கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்வதுதான். விற்க விரும்பும் கடைக்காரர் இதற்கு மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு கடைக்குப் போகலாம்.

கார்டு 27,000, எஸ்.எம்.பி.எஸ். 5,000 என ஆக மொத்தச் செலவு 32,000 ரூபாய். நான்கு முகூர்த்த மாதங்களின் மிச்சத்தை அப்படியே தனிக் கணக்கில் போட்டு வந்தால் 36,000 சேரும். இந்த சீசனில் மறுத்த மூன்று வேலைகளின் மதிப்பு 21,000. கார்டு வந்த பிறகு அத்தகைய வேலைகள் ஐந்தை ஏற்றால் செலவிட்ட பணம் திரும்பிவிடும். அந்த ஐந்து வேலைகள் ஓராண்டுக்குள் கிடைக்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால் கார்டைத் தள்ளிப்போடுங்கள். நடுவில் பெரிய ஒப்பந்தம் ஒன்று வந்து உடனே வாங்கியாக வேண்டிய நிலை ஏற்பட்டால், வாடிக்கையாளரிடம் கூடுதல் முன்பணம் கேளுங்கள். அதுவும் முடியாதபோது, 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கிடைக்கும் முத்ரா 'சிசு' கடனைப் பற்றி உங்கள் வங்கிக் கிளையில் விசாரிக்கலாம்.

வாங்கும்போது ஸ்டுடியோ பெயரில் ரசீது பெறுங்கள். நீங்கள் வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்தால், 27,000 ரூபாயில் அடங்கியுள்ள 18 சதவீத வரி, அதாவது சுமார் 4,120 ரூபாய், உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும். மொத்த வரவில் குறைந்த சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்தால் திரும்பாது. கணினிப் பொருள்களுக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம் உண்டு என்பதைக் காட்டி, வரி மிச்சமாகும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். மொத்த வரவில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் அனுமான வருமான முறையில் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால், தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க இயலாது.

உங்கள் இப்போதைய கார்டுகளுக்கு ஆதரவு நின்றுவிட்டது என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால் கலங்க வேண்டாம். என்விடியா இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியீட்டை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் அறிவித்திருக்கிறது. நிறுவப்பட்டுள்ள மென்பொருள் தொடர்ந்து இயங்கும். புதிய பெரும்பதிப்புக்கு மாறும் முன் மட்டும், அது இந்தக் கார்டுகளை ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்பம் கணினிக்குப் புதிய கார்டு தேவையே இல்லை. ஏழாம் தலைமுறை ப்ராசஸர்கள், மிகச் சில தவிர, விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அத்தகைய கணினியில் 34,000 ரூபாய்க் கார்டைப் பொருத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. எடிட்டிங் கணினியில் 5050 வந்தால், அங்கிருந்து கழற்றும் 1060 கார்டை இதில் மாட்டிக்கொள்ளுங்கள். விற்றால் சொற்பத் தொகையே கிடைக்கக்கூடிய 1050 டிஐ அவசரத்துக்கு மாற்றாக அலமாரியில் இருக்கட்டும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றை அந்தக் கணினியில் திறக்க வேண்டாம். வாடிக்கையாளர் படங்களுக்கு வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைத்திருங்கள். ஏழு மாதங்களில் கேமராக் கடன் முடிந்ததும், அதற்குக் கட்டிவந்த 5,200 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். ஓராண்டில் வட்டி நீங்கலாக 62,400 ரூபாய் சேரும்; அந்தக் கணினியை முழுமையாக மாற்றும் வேலையை அப்போது தொடங்கலாம்.