சலூனில் முடி வெட்டிக்கொண்டதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதுதான் சரி. ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கத்தரியை நீங்களே பிடித்ததாகத்தான் முதலில் புரியும்.

‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்றால் தமிழில் யார் வெட்டினார் என்ற கேள்வியே எழாது. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. இங்கே ‘கெட்’ என்பது பெறுவதல்ல, பிறரைக் கொண்டு செய்விப்பது.

‘காட்’டுக்குப் பதில் ‘ஹேட்’ போட்டுப் பாருங்கள். அர்த்தம் மாறாவிட்டால் இதே அமைப்புதான். கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம் வேண்டும்: ‘காட் மை பைக் ரிப்பேர்ட்’. ‘கட்’டுக்கு மூன்று வடிவமும் ஒன்றே என்பதால் இந்த விதி கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஆளைக் குறிப்பிட்டால் ‘டு’ கட்டாயம்: ‘காட் த மெக்கானிக் டு ரிப்பேர் இட்’. ‘ஹேட்’ என்றால் அந்த ‘டு’ கூடாது.

ஒரு எச்சரிக்கை: ‘ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்’ இதே அமைப்புதான், ஆனால் நீங்கள் சொல்லி யாரும் திருடவில்லை, ஃபோன் பறிபோனது.