மிச்சக் காச யாரு கையில குடுக்குறது?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டச் சந்தியில சின்ன கடை வச்சிருக்கேன். கண்ணு தெரியாத அண்ணன் ஒருத்தர் மகளோட வருவாரு, நான் அந்தப் புள்ளைகிட்டதான் அப்பாவுக்கு என்ன வேணும்னு கேப்பேன், மிச்சக் காசும் அதுகிட்டதான் குடுப்பேன். போன கிழமை மழையில அவரு கையப் புடிச்சு இழுத்து படி ஏத்திவிட்டேன், ஒடனே கோவிச்சுக்கிட்டு "முதலாளி, சீனி வாங்க வந்தது நானா இவளா"ன்னு கேட்டுட்டாரு. உதவி செஞ்சது பிழையா?

பதில்: உதவி பிழையில்லங்க, கேக்காம இழுத்ததுதான் பிழை. பிரம்பு புடிச்ச கையா இருந்தா இன்னும் மோசம், அந்த பிரம்பாலதான் அவரு படி எங்க, கான் எங்கன்னு பாக்குறாரு, அதப் புடிச்சு இழுத்தா கண்ணு தெரியிற ஆளோட கண்ணப் பொத்தி இழுக்குற மாதிரிதான். "அண்ணே, நான் கடைக்காரன், கைய புடிச்சுக்கிறீங்களா"ன்னு கேளுங்க. சரின்னா அவரு ஒங்க முழங்கைக்கு மேல புடிச்சுக்கட்டும், நீங்க அர எட்டு முன்னால போங்க. படி வந்தா நின்னு "மேல ஏறணும், மூணு படி"ன்னு சொல்லுங்க, "அந்தா, இந்தா"ன்னு சொல்லி பிரயோசனம் இல்ல.

காசு விசயந்தான் பெருசு. நம்ம 500 ரூவா தாள் 143 மில்லிமீட்டர் நீளம், 1000 ரூவா தாள் 148, அகலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், தடவிப் பாக்குற ஆளுக்கு அந்த 5 மில்லிமீட்டரும் கணக்கு. எந்தத் தாளுன்னு தெரிஞ்சதும் நெறைய பேரு ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு மாதிரி மடிச்சு வச்சுக்குவாங்க. நீங்க எல்லாத்தையும் கசக்கி ஒரே கத்தையா குடுத்தா எப்புடி பிரிப்பாரு? "இது ஐநூறு, இது நூறு, சில்லற இருவது"ன்னு ஒண்ணொண்ணா அவரு கையிலேயே வைங்க. பாவம்னு வெலய கொறைக்க வேணாம். புள்ளைக்கு டொபி குடுக்கணும்னா குடுங்க, ஆனா வேற புள்ளைங்களுக்கும் குடுக்குறவரா இருந்தா மட்டும்.

இன்னொண்ணு, வாசல்ல கெழங்கு மூட்டைய தெனம் வேற வேற எடத்துல போடாதீங்க. பொது இடங்களுக்குள்ள போக ஊனத்தக் காட்டி தடை போடக்கூடாதுன்னு 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமே சொல்லுது, கெழங்கு மூட்டைக்கு சட்டம் தெரியாது, நீங்கதான் நகத்தணும்.

அடுத்த தடவ வந்தா நீளமா மன்னிப்பு கேட்டு அவர சங்கடப்படுத்த வேணாம். அவரு பேரு தெரியுமா? கேள்வியில எழுதல. தெரியாட்டி கேளுங்க, பொறகு "சீனி எவ்வளவு அண்ணே"ன்னு அவருகிட்டயே கேளுங்க.