பாண்டி முகவரி கொடுத்தால் ஆன்லைனில் வரி குறையுமா?

கேள்வி கேட்டவர் கடலூர்க்காரர். ஆன்லைனில் ஒரு 43 இன்ச் டிவி பார்த்து வைத்திருக்கிறார். பாண்டியில் இருக்கும் நண்பர் வீட்டு முகவரிக்கு வரவழைத்தால் வரி குறையுமா என்று கேட்கிறார். கூடவே இன்னொரு சந்தேகம்: போன தடவை வாங்கிய மிக்சி பில்லில் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி, அதற்கு முன் வாங்கிய ஃபேன் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரி, யாராவது ஏமாற்றுகிறார்களா?

குறையாது. ஏமாற்றவும் இல்லை.

நானும் கடலூர்தான், மஞ்சக்குப்பம். பாண்டியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை, தினமும் முள்ளோடை தாண்டிப் போய் வருகிறேன், அதனால் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முதல் என் சித்தப்பா வரை எல்லோரும் இதைக் கேட்டுவிட்டார்கள். இந்த நம்பிக்கை சும்மா வந்ததும் இல்லை. வாட் வரி இருந்த காலத்தில் பல சாமான்களுக்கு அங்கே வரி கம்மி. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜே நேரு வீதியில் வாங்கி, குட்டியானையில் ஏற்றி, ஆல்பேட்டை செக்போஸ்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கொண்டுவந்ததுதான். போலீஸ்காரர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார், சித்தப்பாவுக்கு வேர்த்தே விட்டது. அவர் தேடியது பாட்டில், பில் இல்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. பெட்ரோல், டீசல், குடிக்கிற மது இந்த மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால் அவை மட்டும் இன்னும் அங்கே குறைவு, அதைப் பார்த்துத்தான் டிவியும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, அந்த ஒற்றை வரி, இரட்டை வரி விஷயம். பில்லில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கத்தில் இருக்கும், அதன் முதல் இரண்டு எண்ணைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி, 29 கர்நாடகா. பொருள் எங்கே போய் இறங்குகிறதோ அந்த மாநிலமும் விற்பவரின் மாநிலமும் ஒன்றாக இருந்தால் வரி மத்திய அரசுக்குப் பாதி (சிஜிஎஸ்டி), மாநிலத்துக்குப் பாதி (எஸ்ஜிஎஸ்டி) என்று இரண்டு வரியாக வரும், வேறு வேறாக இருந்தால் ஐஜிஎஸ்டி என்று மொத்தமாக வரும். உங்கள் ஃபேன் தமிழ்நாட்டு கிடங்கிலிருந்து வந்திருக்கும், மிக்சி வெளிமாநிலத்திலிருந்து. டிவி 29,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அதில் 25,000 பொருளின் விலை, 4,500 வரி. இரண்டு 2,250 ஆக எழுதினாலும் ஒரே 4,500 ஆக எழுதினாலும் நீங்கள் கொடுப்பது 29,500தான். அந்த ஐஜிஎஸ்டியிலும் மாநிலப் பங்கு கடைசியில் பொருள் இறங்கிய மாநிலத்துக்கே போய்ச் சேரும், அதனால் நண்பர் வீட்டுக்கு வரவழைத்தால் புதுச்சேரி அரசுக்குத்தான் லாபம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு முன்பு 28 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, நீங்கள் எதிர்பார்த்த தள்ளுபடி ஏற்கெனவே இரண்டு ஊருக்கும் சேர்த்தே கிடைத்துவிட்டது.

ஆனால் முகவரி விஷயத்தில் உண்மையிலேயே அடி வாங்குவது கடை வைத்திருப்பவர்கள். என் மச்சானுக்கு பாண்டியில் செல்போன் உதிரிபாகக் கடை, வீடு கடலூரில். போன வருடம் கடைக்காக ஒரு லேப்டாப், 47,200 ரூபாய், ஒரு விற்பனையாளரின் சொந்த இணையதளத்தில் போட்டார். கடையின் 34-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தார், டெலிவரி மட்டும் வீட்டுக்கு, ஏனென்றால் அன்றைக்குக் கடைக்கு லீவு. விற்றவர் சென்னை, இறங்கிய இடம் கடலூர், ஆக இரண்டுமே தமிழ்நாடு. பில்லில் 3,600, 3,600 என்று சிஜிஎஸ்டியும் தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியும் விழுந்தன. அடுத்த மாதம் 2பி அறிக்கையை, அதாவது நமக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியலை, இறக்கிப் பார்த்தால் அந்த பில் இருக்கிறது, ஆனால் உள்ளீட்டு வரி (கடைக்கு வாங்கும்போது கட்டி, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாதவை என்ற பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிந்த விற்பனைக்குப் போட்ட இந்த இரண்டு வரியையும் புதுச்சேரியில் பதிவு செய்த கடை கழித்துக்கொள்ள முடியாது. கடை முகவரிக்கே வரவழைத்திருந்தால் அதே 7,200 ஐஜிஎஸ்டியாக வந்து முழுசாகக் கிடைத்திருக்கும். பில்லை மாற்றித் தரச் சொல்லி மெயில் மேல் மெயில், பொருள் இறங்கிய இடத்தை எப்படி மாற்றுவது என்று அவர்கள் பதில். அவர்கள் சொன்னது நியாயம்தான், மச்சான் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பின்கோடை நம்பியும் மாநிலத்தைப் போடாதீர்கள். 607 என்றாலே கடலூர் என்று நினைக்கிறோம், பாகூர் 607402, ஆனால் புதுச்சேரி. ஆரோவில் 605101, பார்த்தால் பாண்டி மாதிரி இருக்கும், அது விழுப்புரம் மாவட்டம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கினால் ஒன்றும் குடிமுழுகாது, கடைப் பெயரில் பில் வாங்குகிறவர் மாநிலம் என்ற கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே விலைச்சீட்டில் வரி சேராது, பணம் கட்டும்போதுதான் ஏறும். 2018 வரைக்கும் விற்பவருக்கு வாங்குபவரின் மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லையென்றால் அந்த மாநிலம் அவரை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது, அந்த வருடம் ஜூனில் அவர்கள் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆக, உங்கள் யோசனை உலகத்தில் எங்கேயோ செல்லுபடியாகி இருந்ததுதான். இங்கே பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது, அதற்கு மேல் வரி என்று யாரும் கேட்கக் கூடாது.

கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். சித்தி மகள் இன்ஸ்டாகிராமில் 1,800 ரூபாய்க்கு ஒரு சுடிதார் செட் பார்த்தாள், ஜிஎஸ்டி தனி என்று மேற்கொண்டு 324 கேட்டார்கள். 2,500 ரூபாய் வரையிலான துணிக்கு 5 சதவீதம்தான், அதாவது 90. அவர்கள் அனுப்பிய பில் படத்தில் இருந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுத் தேடினேன், உள்நுழையக்கூட வேண்டாம், யார் வேண்டுமானாலும் தேடலாம். பதிவு ரத்து என்று வந்தது. பதிவே இல்லாதவர் வரி வாங்கவே கூடாது. எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டதும் அவளை பிளாக் செய்துவிட்டார்கள், நல்லவேளை பணம் கட்டவில்லை.

உங்கள் டிவிக்கு கடலூர் முகவரியே போடுங்கள். மாட்டிக் கொடுக்க வரும் ஆளும் டெலிவரி முகவரிக்குத்தான் வருவார், பாண்டிக்குப் போட்டால் நண்பர் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.