ஐகோர்ட் கேள்விகள்: வந்த வரைக்கும் பதில்கள்

சென்னை ஐகோர்ட்டிலும் பிறகு அதன் மதுரைக் கிளையிலுமாக ரிட் (அரசின், அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்து ஐகோர்ட்டில் போடும் மனு), அப்பீல் வழக்குகள் நடத்தி வருகிறேன். கிரிமினல் என் துறை இல்லை, அதைக் கேட்டவர்கள் அந்தப் பக்கம் பழகிய வக்கீலைப் பாருங்கள்.

தஞ்சாவூர்க்காரர்: எங்கள் அப்பீலை சென்னையில் போடலாமா?
முடியாது, மதுரைக் கிளைதான். 2004 ஜூலையில் கிளை திறந்ததிலிருந்து இப்படித்தான். பக்கத்துத் திருவாரூர் சென்னைக்குப் போகும்.

அண்ணன் பாகம் தர மறுக்கிறான். நேரே ஐகோர்ட்டில் ரிட் போடலாமா?
கூடாது. ரிட்டுக்கான அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவு முக்கியமாக அரசையும் அதிகாரிகளையும் தட்டிக் கேட்க இருப்பது. சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள்.

மாவட்டக் கோர்ட் தீர்ப்பு எதிராக வந்து நான்கு மாதம் ஆகிறது. ஐகோர்ட்டில் அப்பீலுக்கு எத்தனை நாள்?
90 நாள். ஆனால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்களை அதில் கழித்துக்கொள்ளலாம். நகலில் ஒரு முத்திரை இருக்கும் பாருங்கள்: மனு போட்ட தேதி, பணம் கட்டச் சொன்ன தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி. அப்பீல் எடுபடுமா என்று நான் முதலில் பார்ப்பது தீர்ப்பை அல்ல, அந்த முத்திரையைத்தான். கெடு முடிந்த பிறகு நகல் மனு போட்டால் ஒரு நாள்கூடக் கழியாது. அதனால் தீர்ப்பு சொன்ன அன்றே, ஜெயித்தாலும் தோற்றாலும், நகல் மனு போடுங்கள். நீங்கள் எப்போது போட்டீர்கள்?

குடியிருப்பவர் காலி செய்யவில்லை, ரிட் போடலாமா?
மேலே அண்ணன் கேள்விக்குச் சொன்ன பதிலேதான். வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள்.

ஐகோர்ட் நீதிபதியை முதல்வர்தானே போடுகிறார்?
இல்லை. ஐகோர்ட் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் பெயர் அனுப்புவார்கள். மாநில அரசு கருத்துச் சொல்லும், உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (அங்குள்ள தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் கொண்ட குழு) முடிவெடுக்கும், மத்திய அரசு வழியாகக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். இதை மாற்ற வந்த சட்டத்தை 2015-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. ஓய்வு வயது 62.

சென்னை ஐகோர்ட்டில் தமிழில் வாதாட ஏன் உரிமை இல்லை?
ஐகோர்ட் மொழி ஆங்கிலம் என்கிறது அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு. குடியரசுத் தலைவர் இசைந்தால் ஆளுநர் வேறு மொழியை அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகாரில் இந்திக்கு அப்படி அனுமதி உண்டு. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்கவில்லை.

வெளிமாநில நீதிபதிக்குத் தமிழ் எப்படிப் புரியும்? உணர்ச்சிவசப்படாதீர்கள்.
இதே மறுப்பை ஐந்து பேர் எழுதிவிட்டீர்கள். உத்தரப்பிரதேசத்தின் அலகாபாத் ஐகோர்ட்டுக்கும் வெளிமாநில நீதிபதிகள் போகிறார்கள், அங்கே அனுமதி தடைபடவில்லையே. கீழ்க்கோர்ட்டில் தமிழில் சாட்சி சொன்னவர், தமிழில் எழுதிய பத்திரம், எல்லாவற்றையும் காசு கொடுத்து ஆங்கிலமாக்கி இங்கே கொண்டுவருகிறோம். நிலத்துக்குச் சொந்தக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தே ஜெயித்தோமா என்று தெரிந்துகொள்கிறார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. மொழிபெயர்ப்பாளர்களை நியமித்தால் நடக்கக்கூடிய காரியம்தான் இது, முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நீதிபதியைத் தெரியும் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.
ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தம்பி மேல் ரிட்...
அண்ணன் கேள்வியைப் படியுங்கள், தயவுசெய்து.

நான்கு மாதம் என்று கேட்டவன் சார். நகல் மனு இன்னும் போடவில்லை.
சரி, நாளைக் காலையிலேயே போய்ப் போடுங்கள். அப்பீலோடு தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு வேண்டும், தாமதத்துக்குக் காரணம் காட்டியாக வேண்டும். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.