எஞ்சினை மாற்றும் முன் டிபரன்ஷலை எண்ணுங்கள்

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 948 சீசீ. பஞ்சிகாவத்தையில் வாங்கிய நிசான் ஏ14 எஞ்சினையும் ஐந்து கியர் பொக்ஸையும் வீட்டிலேயே பூட்டப் போகிறேன். டிபரன்ஷலுக்கும் (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) 3.9 போடச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1959இல் வந்தது 4.55; அதாவது சில்லுகள் ஒரு சுற்று சுற்ற, கியர் பொக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொபெலர் ஷாஃப்ட் 4.55 சுற்று சுற்றும். ஆனால் இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ! முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிறேக்கை இறக்குங்கள். பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டான்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். புரொபெலர் ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சில்லை 20 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்டின் சுற்றை இன்னொருவர் எண்ணட்டும். மற்றச் சில்லு தரையில் நிற்பதால் 20 சுற்று என்பது 10 சுற்றுக்குத்தான் சமம். ஆகவே எண்ணிக்கையைப் பத்தால் வகுங்கள்: 45½ வந்தால் 4.55, 42 சொச்சம் என்றால் 4.22, 39 என்றால் 3.9.

இனிக் கணக்கு. 14 அங்குல ரிம்மில் 145 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் சில்லு நிமிடத்துக்கு 740 தடவை சுற்றும். நாலாம் கியர் நேர் கியர், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்; அதில் 4.55 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 3370 சுற்று, 3.9 என்றால் 2890. ஐந்தாம் கியர் 0.85 அளவில் இருந்தால் (ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் 0.85 சுற்று), பழைய 4.55உடனேயே 2860தான். 3.9 தரும் பலனை ஐந்தாம் கியரே தந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் 2450க்கு இறங்கும்; சின்ன ஏற்றத்திலும் ஐந்தாம் கியர் இழுக்காது. அதைவிட மோசம் முதலாம் கியர்: 3.9உடன் அதன் இழுவையும் குறையும். கொழும்பு–காலி வீதி நெரிசலில் ஒவ்வொரு தடவையும் கிளச்சை வழுக்கவிட்டே எடுக்க வேண்டிவரும், பிளேட் எரியும். எங்கள் தீர்ப்பு: ஐந்து கியர் என்றால் 4.22, அதாவது 1098 சீசீ மைனரில் வந்தது. ஐந்தாம் கியரில் 2650 வரும். 3.9 நாலு கியர் பொக்ஸுக்குத்தான் பொருந்தும்.

மாற்றுவதானால் முழு டிபரன்ஷலையும் கேசோடு எடுங்கள். கிரவுனை (உள்ளே உள்ள பெரிய பல்சக்கரம்) ஒன்றிலிருந்தும் பினியனை (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) இன்னொன்றிலிருந்தும் சேர்த்தால் ஊளையிடும், பல் தின்னும். ஈபி 90 கியர் ஒயில் 0.85 லீட்டர் போதும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்: 4.55இலிருந்து 3.9க்குப் போனால் முள் 60 காட்டும்போது கார் 70இல் ஓடும்.

948இன் முன் பிறேக் டிரம் 7 அங்குலம். 1098இன் 8 அங்குல டிரம்மை முதலில் பூட்டுங்கள். அது இல்லாமல் ஏ14 வேண்டாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): எஞ்சின் மாற்றிய பிறகு 60–70இல் நடுக்கம். ஷாஃப்டை இரண்டு தடவை பலன்ஸ் செய்தும் போகவில்லை.

பதில்: கோணத்தைப் பாருங்கள். கார் தன் சில்லுகளிலேயே நிற்கட்டும். கியர் பொக்ஸின் வால் ஷாஃப்டும் (பின்னால் வெளியே வரும் தண்டு) டிபரன்ஷல் பினியனும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுங்கும். தொலைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியே போதும். பொக்ஸின் மவுன்டிங்கில் வொஷர் வைத்தோ, லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்தோ திருத்துங்கள். ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருந்தால், இரண்டு முனை யோக்குகளும் (மூட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஒட்டும்போது கொஞ்சம் திரும்பியிருந்தால் எந்த பலன்ஸும் உதவாது. முன் யோக்கை பொக்ஸுக்குள் முழுக்கத் தள்ளி, 20–25 மில்லிமீட்டர் வெளியே இழுத்த நிலையில் பூட்ட வேண்டும். இடமே இல்லாமல் விட்டால் குழியில் விழும்போது ஷாஃப்ட் பொக்ஸைக் குத்தும்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): கிளச்சை ஹைட்ரோலிக் ஆக்கினோம். ரிவர்ஸ் போடும்போது கறகறவென்கிறது.

பதில்: கிளச் முழுதாக விடவில்லை. காற்றை எடுத்தும் மாறாவிட்டால் சிலிண்டர் அளவைப் பாருங்கள். மாஸ்டர் (பெடல் பக்கச் சிலிண்டர்) 5/8 அங்குலமும் ஸ்லேவ் (கிளச் பக்கச் சிலிண்டர்) 3/4 அங்குலமும் என்றால், மாஸ்டர் 30 மில்லிமீட்டர் தள்ளும்போது ஸ்லேவ் 21 தள்ளும். ஸ்லேவ் 7/8 என்றால் 15தான். மிதிப்பது லேசாக இருக்கும், கிளச் விடாது. சின்ன ஸ்லேவ் போடுங்கள்.