சத்தியமங்கலம் 1790: ஃப்ளாய்டு வென்றாரா, தோற்றாரா?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குச் சத்தியமங்கலம் போர் பற்றி ஒரு பலகை எழுதுகிறோம். ஆங்கிலேயக் குதிரைப்படைத் தளபதி ஃப்ளாய்டு வென்றார் என்று ஒரு நூலும், திப்பு வென்றார் என்று இன்னொன்றும் சொல்கின்றன. அவர் படைப்பிரிவின் எண்ணும் 23, 19 என்று மாறி வருகிறது. எதை எழுதுவது?

பதில்: எண்ணில் குழப்பமே இல்லை. 1781-இல் 23 என்ற எண்ணோடு திரட்டப்பட்ட படைப்பிரிவு அது. 1782-இல் சென்னை வந்தது; 1786-இல் 19 ஆனது. நீங்கள் எழுதுவது 1790 என்பதால் 19 என்றே போடுங்கள்.

வெற்றி தோல்வியை எழுதுமுன் ஃப்ளாய்டுக்கு என்ன வேலை தரப்பட்டிருந்தது என்று பாருங்கள். ஆங்கிலேயருக்கும் திப்புவுக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் தலைவர் ஜெனரல் மெடோஸ் கோவையில் இருந்தார். கெஜலட்டிக் கணவாய் வழியாக மைசூருக்குள் ஏறுவது அவர் திட்டம். அதற்கு முன்னணியாகச் சத்தியமங்கலத்தில் நின்றவர் ஃப்ளாய்டு. வாள் வீசிப் பாய்வதைவிட எதிரி எங்கே, எத்தனை பேர், எந்தத் துறையில் ஆற்றைக் கடப்பார்கள் என்று அறிந்து சொல்வதே அங்கு குதிரைப்படையின் முதல் பணி. அதை அவர் சரியாகவே செய்தார். திப்பு இறங்கி வருகிறார் என்று செய்தி அனுப்பினார். மெடோஸ் அதற்கு உரிய மதிப்புத் தரவில்லை, இருந்த இடத்திலேயே நிற்கச் சொன்னார். பலகையில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

செப்டம்பர் 13 காலை, பவானியின் துறையைப் பார்க்கப் போன ரோந்துப் பிரிவைத் திப்புவின் குதிரைப்படை சூழ்ந்துகொண்டது. ஃப்ளாய்டு மீதிக் குதிரைகளோடு போய் அவர்களை மீட்டார். வயல்களின் உயர்ந்த முள்வேலிகள் திப்புவின் பெருங்குதிரைப்படை பரவித் தாக்க முடியாதபடி தடுத்தன. அதன்பின் பகலெல்லாம் பீரங்கிச் சண்டை. இழுவை மாடுகள் செத்ததால் சில பீரங்கிகளை விட்டுவிட்டு அவர் பின்வாங்க நேர்ந்தது. அக்காலப் படையில் மாடு போனால் பீரங்கியும் போன மாதிரிதான்.

மறுநாள் 14-ஆம் தேதிச் சண்டை நடந்த இடத்தை ஆங்கில நூல்கள் 'செயூர்' என்பதுபோல் எழுதும். செங்கல்பட்டுப் பக்கத்துச் செய்யூர் என்று பலர் பெயர்த்துவிடுகிறார்கள், அது தவறு. அவிநாசி அருகிலுள்ள சேவூர் அது. உதவிக்கு வந்த மெடோஸ் வேறு பாதையில் போனதால் இருவரும் வழியில் சந்திக்கவில்லை. ஃப்ளாய்டு இன்னும் ஒரு நடை நடந்துதான் அவரோடு சேர முடிந்தது.

ஆகவே இப்படி எழுதலாம்: "ஃப்ளாய்டு தன் படையை அழிவிலிருந்து காத்துப் பின்வாங்கினார், திப்பு சத்தியமங்கலத்தை மீட்டு, கெஜலட்டி வழியாக மைசூருக்குள் நுழையும் ஆங்கிலேயத் திட்டத்தை முறியடித்தார்." இரண்டு நூல்களும் பாதிப் பாதி சரி. முழுப்போரின் நோக்கில் பலன் திப்புவுக்கே.

பலகையில் இடம் இருந்தால் 1791 மார்ச் 6-ஐயும் சேருங்கள். பெங்களூர் அருகே அதே ஃப்ளாய்டு பின்வாங்கும் மைசூர்ப் படையைத் துரத்தி, காலாட்படையின் துணை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார். முகத்தில் குண்டுபட்டு விழுந்தார். குதிரைப்படை குலைந்து திரும்பியது. பின்னால் வந்த காலாட்படைதான் காப்பாற்றியது. சத்தியமங்கலத்தில் அவர் காத்த நிதானத்தையும் இங்கே இழந்ததையும் அடுத்தடுத்து வைத்தால், குதிரைப்படைத் தளபதியின் வேலை என்ன என்பது மாணவர்களுக்கு விளங்கிவிடும்.